கல்லூரித் திடலில் வென்றவர் என்.எஃப்.எல்.லிலும் வெல்வாரா?

அமெரிக்கக் கால்பந்து குறித்து வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகளில், தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் இளம் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றியவை மட்டும் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: கல்லூரி ஆட்டங்களில் கொடிகட்டிப் பறக்கும் ஓர் இளம் குவார்ட்டர்பேக் எதிரணியைச் சீண்டினாலும், கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாலும், ரசிகர்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதே இளைஞர் என்.எஃப்.எல். என்னும் தொழில்முறைத் தொடரின் அணி ஒன்றுக்குப் போய் இரண்டே ஆண்டுகளில் இருந்த இடம் தெரியாமல் போகிறார். ஜானி மான்செலுக்கு நடந்தது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கல்லூரி வெற்றிக்கு என்னதான் மதிப்பு?

பதில்: மான்செலின் கல்லூரி வெற்றி போலியானதன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி, நாட்டிலேயே கடினமானதாகக் கருதப்படும் எஸ்.இ.சி. பிரிவில் 2012-ஆம் ஆண்டுதான் முதன்முதலாக ஆடியது. அந்த ஆண்டே, நவம்பர் 10 அன்று, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை அதன் சொந்தத் திடலில் 29-24 என்று அது வீழ்த்தியது. கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மனை முதலாண்டு ஆட்டக்காரர் ஒருவர் முதன்முறையாகப் பெற்றதும் அந்த ஆண்டில்தான், அவர் மான்செல். பிடிக்க வருபவர்களின் கையிலிருந்து நழுவி, பின்னோக்கி ஓடி, பக்கவாட்டில் திரும்பி, யாரும் எதிர்பாராத இடத்துக்குப் பந்தை எறிந்து அவர் எடுத்த புள்ளிகள் எல்லாம் உண்மையானவையே.

ஆனால் அந்த வெற்றி எதற்குச் சான்று என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த 2012-ஆம் ஆண்டு அணியில் அவருக்கு முன்னே காவல் நின்ற முன்வரிசை வீரர்களில் லூக் ஜோக்கல், ஜேக் மேத்யூஸ் என்ற இருவர் இருந்தார்கள். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஜோக்கல் 2013-இல் இரண்டாவது இடத்திலும், மேத்யூஸ் 2014-இல் ஆறாவது இடத்திலும் எடுக்கப்பட்டார்கள். மான்செல் எறிந்த பந்தைத் தாவிப் பிடித்த மைக் எவன்ஸ் 2014-இல் ஏழாவது இடத்தில் எடுக்கப்பட்டுப் பின்னர் அந்தத் தலைமுறையின் சிறந்த ரிசீவர்களில் (எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்களில்) ஒருவரானார். தரமான காவலும் தரமான கைகளும் இருக்கும்போது, திட்டமிட்ட ஆட்டம் குலைந்த பிறகும் இன்னும் இரண்டு வினாடி கிடைக்கும். மான்செலின் மேதைமை முழுவதும் அந்த இரண்டு வினாடிக்குள் குடியிருந்தது.

கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் அணி 2014-இல் அவரை 22-ஆவது இடத்தில் எடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தொடக்க ஆட்டக்காரராக அவர் இறங்கிய முதல் ஆட்டத்தில் சின்சினாட்டியிடம் அணி 30-0 என்று தோற்றது. அவர் எறிந்து கிடைத்தது மொத்தம் 80 யார்டு, எதிரணி பறித்த பந்துகள் இரண்டு. பணத்தை எண்ணுவதுபோல் விரல்களைத் தேய்த்துக் காட்டும் அவருடைய புகழ்பெற்ற சைகையைச் சின்சினாட்டி வீரர்களே அன்று அவருக்குத் திருப்பிச் செய்து காட்டினார்கள். மொத்தம் எட்டு ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக ஆடி இரண்டில் மட்டுமே வென்ற அவரை 2016 மார்ச்சில் அணி விடுவித்தது. எதிரணிகளின் ஆட்டப் பதிவுகளைத் தாம் பார்த்ததே இல்லை என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவர் சிகிச்சை மையத்தில் தங்கியதும், தமக்கு இருமுனை மனநிலைக் கோளாறு இருப்பதைப் பின்னர் அறிவித்ததும் இதே கதையின் பகுதிகள்; அவற்றை விட்டுவிட்டு வெறும் சோம்பேறி என்று அவரை முத்திரை குத்துவது நியாயமாகாது. ஆட்டத்தை மட்டும் வைத்துப் பேசினால், ஆட்டப் பதிவைப் பார்க்காமலேயே வெல்ல முடிந்த ஓர் உலகத்திலிருந்து, அப்படி வெல்லவே முடியாத உலகத்துக்கு அவர் வந்து சேர்ந்தார்.

கேள்வி: திடலின் நீளமும் அகலமும் இரண்டிலும் ஒன்றே, ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் என்பதும் ஒன்றே. அப்படியிருக்கக் கல்லூரி ஆட்டத்துக்கும் என்.எஃப்.எல். ஆட்டத்துக்கும் இவ்வளவு பெரிய இடைவெளி எங்கிருந்து வருகிறது?

பதில்: விதிகளில் உள்ள சிறு வேறுபாடுகளிலிருந்து தொடங்கலாம், அவை பார்வைக்குச் சிறியவையே தவிர விளைவில் சிறியவை அல்ல. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் இடத்தைக் கட்டுப்படுத்த, திடலின் நடுவே இரண்டு வரிசைக் குறிகள் இருக்கின்றன. கல்லூரித் திடலில் அவற்றுக்கிடையே உள்ள தொலைவு 40 அடி; என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். ஆகவே கல்லூரியில் பந்து ஓரக் குறியில் வைக்கப்படும்போது, மறுபுறத்தில் மிகப் பெரிய வெற்றிடம் திறந்துகொள்கிறது. அந்த வெற்றிடத்தைப் பயன்படுத்தியே பல பயிற்சியாளர்கள் தங்கள் தாக்குதல் முறைகளை வகுக்கிறார்கள். தொழில்முறைத் திடலில் பந்து எப்போதும் நடுவை ஒட்டியே இருப்பதால், தடுப்பணி இருபுறமும் தன்னை மறைத்துக்கொள்ள முடிகிறது.

அடுத்து, பந்து முன்னோக்கி எறியப்படும் முயற்சியில் முன்வரிசைக் காவலர்கள் பந்து வைக்கப்பட்ட கோட்டைத் தாண்டி எவ்வளவு தொலைவு போகலாம் என்பது. கல்லூரியில் மூன்று யார்டு வரை போகலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். இந்த இரண்டு யார்டு வேறுபாட்டினால், ஓட்டமா எறிவா என்று கடைசி நொடி வரை எதிரணியை ஏமாற்றும் ஆட்டங்கள் கல்லூரியில் மிக எளிதாகின்றன. ஓரக்கோட்டருகே பந்தைப் பிடிப்பவர் கல்லூரியில் ஒரு காலை உள்ளே பதித்தால் போதும். தொழில்முறையில் இரண்டு கால்களையும் பதிக்க வேண்டும். அதற்கேற்பக் குவார்ட்டர்பேக்கின் குறி துல்லியமாக வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது எதிரே நிற்பவர்களின் தரம். கல்லூரிக் கால்பந்தின் மேல்மட்டத்தில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன, என்.எஃப்.எல்.லில் 32 மட்டுமே. ஆண்டுதோறும் டிராஃப்டில் எடுக்கப்படுவோர் ஏறத்தாழ 250 பேர். அதாவது, கல்லூரியில் ஒரு குவார்ட்டர்பேக் எதிர்கொள்ளும் தடுப்பாட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறைத் திடலை மிதிக்கப்போவதே இல்லை. கல்லூரியில் ரிசீவர் தனியே விடுபட்டு நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பந்தை எறியலாம். என்.எஃப்.எல்.லில் அப்படிக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அவர் திரும்புவதற்கு முன்பே, அவர் திரும்பப்போகும் இடத்தை நம்பிப் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஓடித் தப்பிப்பதும் அவ்வாறே. கல்லூரியில் விளிம்பை நோக்கி ஓடினால் வழி கிடைக்கும். இங்கே விளிம்பில் நிற்கும் 120 கிலோ எடையுள்ள மனிதர் ஓட்டத்திலும் அவருக்கு ஏறத்தாழ ஈடு கொடுக்கிறார்.

பொதுவாகக் கவனிக்கப்படாத இன்னொரு செய்தியும் உண்டு. பல கல்லூரி அணிகளில் குவார்ட்டர்பேக் பக்கவாட்டில் நிற்கும் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்ப்பார். அங்கே பட அட்டைகளும் கைச் சைகைகளும் காட்டப்படும். எதிரணி எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்து ஆட்டத்தை மாற்றுவதும் பயிற்சியாளரே. என்.எஃப்.எல்.லில் 1994 முதல் தலைக்கவசத்துக்குள் வானொலி இருக்கிறது; ஆனால் ஒவ்வொரு முயற்சியையும் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 வினாடி மிச்சமிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும். (கல்லூரிகளின் மேல்மட்டத்தில் இந்த வசதி 2024-இல்தான் வந்தது.) அந்தக் கடைசி வினாடிகளில் காவல் வரிசையை யார் பக்கம் திருப்புவது, எதிரணியின் பின்வரிசை எதை மறைக்கிறது, திட்டமிட்ட ஆட்டத்தை வைத்துக்கொள்வதா கைவிடுவதா என்பவற்றையெல்லாம் 22 வயது இளைஞர் தனியே முடிவு செய்ய வேண்டும். கல்லூரியில் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பு இருந்ததால், இதற்கான பழக்கமும் அவருக்கு முழுமையாக ஏற்பட்டிருக்காது.

கல்லூரியிலேயே தொழில்முறை ஆட்டத்துக்கு அருகில் ஆடியவர்களும் இருக்கிறார்கள். 2019-இல் எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்துக்காக 60 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து ஆறு புள்ளி பெறுவது) எறிந்து, 15 ஆட்டங்களையும் வென்ற ஜோ பரோவை இங்கே சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து வந்த ஜோ பிரேடி அங்கே தாக்குதல் முறையை மாற்றியமைத்தார். ஐந்து பேரையும் பந்து பிடிக்க அனுப்பிவிட்டு, காவலுக்குக் கூடுதல் ஆள் இல்லாமல், காவலர்கள் அமைக்கும் வளையமான பாக்கெட்டில் நின்றபடியே எதிரணியைப் படித்து எறிவது பரோவின் அன்றாட வேலையாக இருந்தது. 2020-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட அவர், இரண்டாவது ஆண்டிலேயே சின்சினாட்டியை சூப்பர் பௌல் இறுதியாட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவருடைய கல்லூரி வெற்றி பெருமளவில் அப்படியே கைமாறியதற்கு, இரண்டு இடத்திலும் அவர் செய்த வேலை ஏறத்தாழ ஒன்றாக இருந்ததே காரணம் என்று நான் நினைக்கிறேன். சுருட்டைப் பற்றவைத்து வெற்றியைக் கொண்டாடிய அவரும் அடக்க ஒடுக்கமானவர் என்று பெயர் எடுத்தவர் அல்லர்.

கேள்வி: நிறைகுடம் தளும்பாது என்பார்கள். அப்படியானால் இவ்வளவு தளும்பும் இளைஞர்களிடம் சரக்கு இல்லை என்றுதானே பொருள்? அணிகள் ஏன் அவர்களைத் தேடிப் போகின்றன?

பதில்: இந்த ஆட்டத்தில் அந்தப் பழமொழி நிற்காது என்பதற்கு 1969-ஆம் ஆண்டே சான்று. அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து 4,27,000 டாலர் ஒப்பந்தத்தில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு 1965-இல் வந்தவர் ஜோ நாமத். மூன்றாவது சூப்பர் பௌலில் பால்டிமோர் கோல்ட்ஸ் 18 புள்ளி வேறுபாட்டில் வெல்லும் என்று எல்லோரும் கணித்திருந்தபோது, ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக ஒரு பொது நிகழ்ச்சியில் அவர் வெற்றிக்கு உத்தரவாதம் கொடுத்தார். ஜெட்ஸ் 16-7 என்று வென்றது. அந்த உத்தரவாதத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் அன்று எப்படி ஆடினார் என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். அன்று அவர் ஒரு டச் டவுன்கூட எறியவில்லை. நான்காவது கால்பகுதியில் ஒரு முறைகூடப் பந்தை எறியவில்லை. கோட்டருகே நின்று எதிரணியின் நிலையைப் பார்த்து ஆட்டங்களை மாற்றி, மாட் ஸ்னெல்லிடம் பந்தைக் கொடுத்து இடப்பக்கமாக ஓடவிட்டுக்கொண்டே இருந்தார். பேசும்போது அளவில்லாமல் பேசியவர், ஆடும்போது அளவறிந்து ஆடினார்.

எனவே துடுக்கை மட்டும் தனியே எடுத்து நிறுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அது எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். பத்தாவது இடத்தில் எடுக்கப்பட்ட ஜோஷ் ரோசன், தமக்கு முன்னே ஒன்பது தவறுகள் நடந்திருக்கின்றன என்று அன்றைக்கே சொன்னார். முதலிடத்தில் எடுக்கப்பட்ட பேக்கர் மேஃபீல்டும் அடக்கத்துக்குப் பெயர் போனவர் அல்லர். ஓக்லஹோமாவுக்காக ஆடியபோது, 2017 செப்டம்பரில் ஒஹாயோ ஸ்டேட் அணியை அதன் திடலில் வென்றபின், தம் பல்கலைக்கழகக் கொடியை அந்தத் திடலின் நடுவே நாட்ட முயன்று, அதற்காகப் பின்னர் மன்னிப்புக் கேட்டவர். அதே ஆண்டு நவம்பரில் கான்சஸ் அணியின் பக்கம் திரும்பி அநாகரிகமான சைகை செய்ததற்காக, அடுத்த ஆட்டத்தில் அவருடைய தலைவர் பொறுப்பு பறிக்கப்பட்டது.

வாய்த்துடுக்கில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மேஃபீல்ட் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். உதவித்தொகை இல்லாத ஆட்டக்காரராக டெக்ஸஸ் டெக்கில் சேர்ந்து, முதலாண்டிலேயே தொடக்க ஆட்டக்காரராகி, அங்கிருந்து விலகி ஓக்லஹோமாவுக்குப் போய், அங்கும் உதவித்தொகை இல்லாமலேயே மறுபடி அடியிலிருந்து தொடங்கி ஹைஸ்மன் விருது வரை ஏறியவர். வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு விடை சொல்வதே அவருடைய பேச்சின் வேர். பிரௌன்ஸ் அணியில் முதலாண்டில் 27 டச் டவுன் எறிந்து, புதியவர்களுக்கான அந்நாளைய சாதனையைப் படைத்தார். மறு ஆண்டு 21 முறை பந்தைப் பறிகொடுத்துச் சரிந்தார். 2020 பருவத்தில் அணியை மீட்டு, பிளேஆஃபில் (வழக்கமான ஆட்டங்களுக்குப் பின் நடக்கும் வெளியேற்றுச் சுற்றில்) பிட்ஸ்பர்க்கை 48-37 என்று வென்றார். பின்னர் தோள் காயம். அணி வேறொருவரைக் கொண்டுவந்தது. 2022-இல் கரோலினாவுக்கு மாற்றப்பட்டு, அங்கும் அந்த டிசம்பரிலேயே விடுவிக்கப்பட்டார். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்த இரண்டே நாளில், ஆட்டக் குறிப்பேட்டை அவசரமாகப் படித்துக்கொண்டு களத்தில் இறங்கி, கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் 98 யார்டு கடந்து ரெய்டர்ஸை 17-16 என்று வென்றார். 2024-இல் டாம்பா பே அணிக்காக 4,500 யார்டும் 41 டச் டவுனும் எறிந்தார்.

ரோசனுக்கு ஒரு பருவம்தான் கிடைத்தது. அரிசோனா அவ்வாண்டு மூன்று ஆட்டங்கள் மட்டுமே வென்றது. பருவத்தின் நடுவே தாக்குதல் ஒருங்கிணைப்பாளரும், பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார்கள். 2019-இல் கைலர் மர்ரியை முதல் இடத்தில் எடுத்துவிட்டு ரோசனை மயாமிக்கு அனுப்பினார்கள். அதன்பின் அவர் எங்கும் நிலைக்கவில்லை. அவருக்குப் போதிய வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. ஆனாலும், அடி வாங்கிய பின் மேஃபீல்டின் தன்னம்பிக்கை அவரை மறுபடி பயிற்சிக்கு இழுத்துச் சென்றது என்பதை மறுக்க முடியாது. தோல்விக்குப் பின்னும் உயிரோடிருக்கும் துணிச்சல் ஓர் ஆற்றல்; வெற்றி தொடரும் வரை மட்டுமே இருப்பது வெறும் பாவனை.

பாவனை எவ்வளவு விரைவில் உடையும் என்பதற்கு ரயன் லீஃப் துயரமான எடுத்துக்காட்டு. 1998-இல் பெய்டன் மேனிங்கா, வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லீஃபா என்று வல்லுநர்களே பிரிந்து நின்று வாதிட்டார்கள். இரண்டாவதாக எடுக்கப்பட்ட லீஃப், சான் டியேகோ அணிக்காக முதல் பருவத்தில் 2 டச் டவுன் எறிந்து 15 முறை பந்தைப் பறிகொடுத்தார். கன்சாஸ் சிட்டிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 15 எறிவுகளில் ஒன்றே ஒன்றுதான் சேர்ந்தது. மறுநாள் உடைமாற்றும் அறையில் செய்தியாளர் ஒருவர்மீது அவர் கத்திய காட்சி நாடெங்கும் ஒளிபரப்பானது. மேனிங்கும் தம் முதல் பருவத்தில் 28 முறை பந்தைப் பறிகொடுத்தார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அது அன்று புதியவர்களுக்கான மோசமான சாதனை. பறிகொடுத்த பந்துகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இருவரையும் பிரித்திருக்க முடியாது.

கேள்வி: ஹைஸ்மன் விருது வாங்கிய குவார்ட்டர்பேக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா?

பதில்: கூடாது. ஹைஸ்மன் வென்ற குவார்ட்டர்பேக்குகளில் தொடக்க ஆட்டக்காரராகச் சூப்பர் பௌலை வென்றவர்கள் ரோஜர் ஸ்டாபக், ஜிம் பிளங்கெட் என்ற இருவரே. அவர்கள் விருது பெற்ற ஆண்டுகள் 1963, 1970. 2003-இல் விருது வென்ற ஜேசன் ஒயிட்டை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. 2007-இல் விருது வென்ற டிம் டீபோ, 2011-இல் டென்வரைப் பிளேஆஃப் வெற்றி வரை கொண்டுசென்றும், அந்தப் பருவத்தில் அவருடைய எறிவுகளில் பாதிகூடச் சேராததால், விரைவிலேயே வாய்ப்பை இழந்தார். மறுபுறம் கேம் நியூட்டன் 2015-இலும், லமார் ஜாக்சன் 2019-இலும் 2023-இலும் என்.எஃப்.எல்.லின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒரு கல்லூரிப் பருவத்தின் சிறந்த கதைக்குக் கொடுக்கப்படும் அந்த விருது, அடுத்த பத்தாண்டுக்கான கணிப்பாக ஒருபோதும் கருதப்பட்டதில்லை.

கேள்வி: இளைஞரின் குணத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அவரை எடுக்கும் அணிக்குப் பொறுப்பு இல்லையா?

பதில்: தங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனெனில் பொறுப்பில் பாதி அணியினுடையது. டிராஃப்டில் முந்தைய ஆண்டு மோசமாகத் தோற்ற அணியே முதலில் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே, வேறோர் அணி அந்த இடத்தை விலைபேசி வாங்கிக்கொள்ளாவிட்டால், மிகச் சிறந்த கல்லூரிக் குவார்ட்டர்பேக் பெரும்பாலும் காவல் வரிசை பலவீனமான, பயிற்சியாளர் வேலை ஊசலாடுகிற அணிக்குத்தான் போய்ச் சேருகிறார். பிரௌன்ஸ் அணி 1999-இல் மீண்டும் ஆடத் தொடங்கியதிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக இறக்கிப் பார்த்திருக்கிறது. அத்தனை பேரும் திறமையற்றவர்கள் என்று நம்ப என்னால் முடியவில்லை.

இதற்கு நேர்மாறாக பேட்ரிக் மஹோம்ஸை எண்ணிப் பாருங்கள். டெக்ஸஸ் டெக்கில் அவருடைய கடைசிப் பருவத்தில் அணி 12 ஆட்டங்களில் ஐந்தில்தான் வென்றது. கண்ணால் பார்க்காத பக்கம் எறிவது, ஒரு காலில் நின்று எறிவது என்று அவருடைய பழக்கங்கள் பலரை அச்சுறுத்தின. கன்சாஸ் சிட்டி 2017-இல் அவரைப் பத்தாவது இடத்தில் எடுத்து, ஆண்டி ரீட் என்ற அனுபவமிக்க பயிற்சியாளரின் கீழ், அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு பருவம் முழுவதும் உட்காரவைத்தது. ஆட்டப் பதிவை எப்படிப் பார்ப்பது, வாரத்தை எப்படிப் பகுத்துக்கொள்வது என்பதை அவர் ஸ்மித்தின் அருகிலிருந்து கற்றார். அடுத்த ஆண்டு 50 டச் டவுன் எறிந்தார். முரட்டுத் துணிச்சலைச் செதுக்கிப் பயன்படுத்தினார்களே தவிர, அதை அறுத்தெறியவில்லை.

அதே 2018 டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்ட சாம் டார்னோல்டை நியூயார்க் ஜெட்ஸ் கைவிட்டது. அவர் மூன்று அணி மாறி, 2024-இல் மின்னசோட்டாவில் அணிக்கு 14 வெற்றிகளைத் தேடிக் கொடுத்தார். அவருடைய கல்லூரிச் சாதனை இடையில் மாறிவிடவில்லை. சுற்றியிருந்த மனிதர்கள் மாறினார்கள்.

கேள்வி: இப்போது கல்லூரி மாணவர்களே விளம்பரங்களில் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்கள். இதனால் இளம் குவார்ட்டர்பேக்குகள் இன்னும் கெட்டுப்போக மாட்டார்களா?

பதில்: 2021 ஜூலை 1 முதல் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இருக்கிறது. அவர்களால் கோடிகளை ஈட்டிய பல்கலைக்கழகங்கள் அதுவரை உதவித்தொகைக்கு மேல் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கொடுக்காமல் இருந்ததே அநீதி என்பதால், இந்த மாற்றத்தை நான் முழு மனதுடன் வரவேற்கிறேன். விளையாட்டு நோக்கிலும் ஒரு நன்மை தெரிகிறது. பணத்துக்காக அவசரப்பட்டு வெளியேற வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. 2024-இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட ஜேடன் டேனியல்ஸும், 12-ஆவதாக எடுக்கப்பட்ட போ நிக்ஸும் ஐந்தைந்து பருவங்கள் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவர்கள். இருவரும் முதல் ஆண்டிலேயே தங்கள் அணிகளைப் பிளேஆஃபுக்குக் கொண்டுசென்றார்கள். மாறாக, 13 கல்லூரி ஆட்டங்களில் மட்டுமே தொடக்க ஆட்டக்காரராக இருந்த ஆன்டனி ரிச்சர்ட்சன் 2023-இல் நான்காவதாக எடுக்கப்பட்டுத் தடுமாறினார்.

ஷெடூர் சாண்டர்ஸைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டிக் கொண்டாடும் இந்தக் கொலராடோ குவார்ட்டர்பேக், 2024 பருவத்தில் 37 டச் டவுன் எறிந்தும், 2025 டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் 144-ஆவது இடம் வரை இறங்கிப் பிரௌன்ஸால் எடுக்கப்பட்டார். அவருடைய தோரணையே இதற்குக் காரணம் என்று பேசப்பட்டது. எனக்கு அதைவிடக் கவலை தந்தது வேறு: கொலராடோவில் இரண்டு பருவங்களும் அவர் பந்துடன் மிக அதிகமுறை வீழ்த்தப்பட்டார். காவல் வரிசை பலவீனம் என்பது உண்மைதான். என்றாலும் பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து பந்தைக் கையிலேயே வைத்திருக்கும் பழக்கம் அவருடையது. அந்தப் பழக்கம் கல்லூரியிலிருந்து தொழில்முறைக்குக் கூடவே வருவது என்று ஆட்டத்தை ஆராய்பவர்கள் பலர் கருதுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் ஒரு கல்லூரிக் குவார்ட்டர்பேக்கைப் பார்க்கும்போது நாங்கள் எதைக் கவனிப்பது?

பதில்: பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு; அவற்றில் மூன்றாவது முயற்சியில் ஏழு, எட்டு யார்டு தேவைப்படும் தருணங்களைத் தேடிப் பாருங்கள். அப்போது எதிரணிக்கு எறிவு வரப்போவது தெரியும்; ஏமாற்று வித்தை பலிக்காது. முதலில் பார்க்கும் ரிசீவர் அடைபட்டிருந்தால் இரண்டாவது, மூன்றாவது ஆளிடம் அவர் பார்வை அமைதியாக நகர்கிறதா, அல்லது உடனே ஓடத் தொடங்குகிறாரா என்று பாருங்கள். அடி விழப்போகிறது என்று தெரிந்தும் கால்களைப் பதித்து எறிகிறாரா என்று பாருங்கள். பலவீனமான அணிகளை 50 புள்ளி வேறுபாட்டில் வெல்லும் ஆட்டங்களைத் தள்ளிவிட்டு, தரவரிசையின் உச்சியிலுள்ள இரண்டு மூன்று தடுப்பணிகளுக்கு எதிரான ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைப் பறிகொடுத்த பிறகு அடுத்த முறை களத்துக்கு வரும்போது, பதற்றத்தில் அளவுக்கு மீறித் துணிகிறாரா, அச்சத்தில் சுருங்குகிறாரா, இரண்டுமில்லாமல் வழக்கமான ஆட்டத்தையே ஆடுகிறாரா என்பது மிகவும் பயனுள்ள குறிப்பு.

பழகிப் பார்க்க விரும்பினால் 2016 அக்டோபர் 22 அன்று நடந்த ஓக்லஹோமா – டெக்ஸஸ் டெக் ஆட்டத்தின் பதிவைத் தேடி எடுங்கள். ஒருபுறம் மேஃபீல்ட், மறுபுறம் மஹோம்ஸ். மஹோம்ஸ் 88 முறை எறிந்து 734 யார்டு சேர்த்தும் அவருடைய அணி 66-59 என்று தோற்றது. மேஃபீல்ட் ஏழு டச் டவுன் எறிந்தார். இரண்டு தடுப்பணிகளும் ஓட்டையாக இருந்ததால் அந்த எண்களுக்கு மதிப்புக் குறைவு. எண்களை மறைத்துவிட்டு, காவல் குலைந்த ஒவ்வொரு முறையும் இருவருடைய கண்களும் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் பாருங்கள்: மஹோம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவர் பார்வை தம்மைத் துரத்துபவரிடம் இல்லாமல், திடலின் தொலைவில் ரிசீவர்களிடமே இருக்கும்.